டாக்டரிடம் கேளுங்கள்: கைக்குழந்தைக்கு வாந்தி, பேதி

மழை விட்டுப் பனி இறங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கைக்குழந்தைக்கு வாந்தி, கூடவே வயிற்றாலும் போகிறது, இது என்ன, பயப்பட வேண்டியதா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம். போன செவ்வாய் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து நாலு தடவை வாந்தி எடுத்தான். விடியும்போது உடம்பு சுட்டது. மத்தியானத்துக்கு மேல் தண்ணியாகப் போக ஆரம்பித்தது. மாமியார் பல் முளைக்கிறது என்கிறார், வீட்டுக்காரர் முதல் நாள் கொடுத்த கேழ்வரகுக் கூழ் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார், டாக்டரோ ‘ஸ்டமக் ஃப்ளூ’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உப்புத்தூள் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட் எழுதிக்கொடுத்தார். யார் சொல்வது சரி? அடுத்த முறை வந்தால் நானே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திருப்பூர்

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரியாக இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே அதைச் சொல்கிறது: முதலில் வாந்தி, அப்புறம் காய்ச்சல், அரை நாளோ ஒரு நாளோ கழித்துத் தண்ணீராகப் பேதி. எல்லாக் குழந்தைக்கும் இதே வரிசையில்தான் வரும் என்றில்லை, ஆனால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வாந்தி ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், பேதி மட்டும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை இழுக்கும். மலம் மஞ்சளாகவோ வெளிர்பச்சையாகவோ, புளித்த வாடையோடு, டயப்பரின் ஓரத்தைத் தாண்டி முதுகு வரைக்கும் வழிகிற அளவுக்குத் தண்ணீராக இருக்கும். ரத்தம் இருக்காது. ரத்தம் இருந்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

பெயரில் ஃப்ளூ இருக்கிறதே என்று இருமல் சளியோடு வருகிற ஃப்ளூ காய்ச்சலோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அது மூச்சுப் பாதையைப் பிடிப்பது. இது குடலைப் பிடிக்கிற வேறு வைரஸ்கள். கைக்குழந்தைகளில் முக்கியமாக ரோட்டா, அடுத்தபடியாக நோரோ. சிறுகுடலின் உள்பக்கம் துண்டு மாதிரி பொசுபொசுவென்று நிற்கும் மெல்லிய நீட்சிகளை ரோட்டா வைரஸ் அரித்துவிடுகிறது, அதனால் குடித்த பாலையும் தண்ணீரையும் உறிஞ்ச முடியாமல் குடல் அப்படியே கீழே தள்ளிவிடுகிறது. 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவரோடு வேலை பார்த்தவர்களும் பேதி வந்த குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்த வைரஸ் பிடிபட்டது. அதுவரைக்கும் டாக்டர்களே பெரும்பாலான குழந்தைப் பேதிக்குக் காரணம் தெரியாமல்தான் வைத்தியம் பார்த்தார்கள், அதனால் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பல் விஷயம் இதுதான். பல் முளைக்கிற 6 மாதம், 8 மாதத்தில்தான் குழந்தை தவழ ஆரம்பிக்கிறது, செருப்பிலிருந்து சாவிக்கொத்து வரை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அப்போதுதான் குறைந்துகொண்டு வருகிறது. ரெண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பழி பல்லின்மேல் விழுந்துவிட்டது. பல் முளைத்தால் எச்சில் ஒழுகும், ஈறு ஊறும், சிணுங்கும். நாலு தடவை வாந்தியும் தண்ணீராகப் பேதியும் வராது. கூழும் காரணமாகத் தெரியவில்லை. கெட்டுப்போன சாப்பாடு என்றால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே காட்டிவிடும், அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் பெரும்பாலும் வந்திருக்கும். கடைசி ரெண்டு மூன்று நாளில் வீட்டில் பெரிய பிள்ளைக்கோ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ, அங்கன்வாடியில் யாருக்காவதோ வயிறு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக ஆமாம் என்றுதான் பதில் வரும்.

கேள்வி: பாப்பா பிறந்து 2 மாதம் ஆகிறது, தாய்ப்பால் மட்டும்தான். ஒரு நாளைக்கு எட்டு தடவை, சில நாள் பத்து தடவைகூட மஞ்சளாகத் தண்ணியாகப் போகிறாள். பால் குடித்ததும் கொஞ்சம் கக்குகிறாள். இதுவும் அதுவா?
– வாசகி, சென்னை

பதில்: இல்லை, தைரியமாக இருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை பால் குடிக்கும்போதே போவதும், நாளைக்குப் பத்து தடவை போவதும், அது கடுகைத் தூவியது போலத் துகள் துகளாக மஞ்சளாக இருப்பதும் இயல்பு. எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நேற்று வரை ஐந்து தடவை துகளோடு போன குழந்தை இன்று வெறும் தண்ணீராகப் பன்னிரண்டு தடவை போனால் அது பேதி. கக்குவதும் அப்படித்தான்: கடைவாயில் வழியும், குழந்தை முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது, எடையும் ஏறிக்கொண்டிருக்கும். வாந்தி என்றால் வயிறு இறுகி வேகத்தோடு வெளியே வரும், அதற்கு முன்னாலேயே குழந்தை முகம் வெளுத்துச் சங்கடப்படும்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிஜமாகவே பேதியோ திரும்பத் திரும்ப வாந்தியோ 100.4 டிகிரி காய்ச்சலோ வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: டாக்டரம்மா, என் பேத்திக்கு 10 மாசம். ரெண்டு நாளாக வயித்தால போகுது, வாந்தியும் இருக்கு. உச்சிக்குழி விழுந்து கிடக்கு. நான் வெளக்கெண்ணெய் வைக்கிறேன் என்றால் மருமகள் விடமாட்டேன் என்கிறாள். தொக்கம் எடுக்கிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அங்கேயாவது கூட்டிக்கொண்டு போகலாமா? எங்கள் காலத்தில் இதெல்லாம் செய்துதான் பிள்ளைகளை வளர்த்தோம்.
– ஒரு பாட்டி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கண் பார்த்தது நூற்றுக்கு நூறு சரி. கடிதம் வந்து சேர்ந்து, அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பேத்தி தேறியிருப்பாள் என்று நம்புகிறேன், ஆனாலும் மற்ற பாட்டிகளுக்காக விரிவாகச் சொல்கிறேன். உச்சிக்குழி பள்ளமாக இறங்குவது உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதற்கான அடையாளம். மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதையேதான். நீங்கள் கண்டுபிடித்தது சரி, மருந்துதான் வேறு. உச்சியில் வைக்கிற எண்ணெய் மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போகாது. வாய்வழியாகத் தண்ணீரும் உப்பும் உள்ளே போனால் குழி தானாக மேலே வந்துவிடும்.

தொக்கம் எடுக்க, அதாவது குடலில் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லும் சாப்பாட்டை எடுக்க, மட்டும் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குடலில் எதுவும் ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை, எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வயிற்றை அழுத்துவது, தொண்டையில் விரல் விடுவது, வாயாலோ குழாயாலோ ஊதுவது எல்லாம் ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழலில் புரையேற வழி பண்ணும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். பஸ் பிடித்துப் போய், காத்திருந்து, எடுத்து முடித்து, சரியாகிவிடும் என்று வீடு திரும்பும் அந்த அரை நாளில்தான் பல குழந்தைகள் துவண்டுபோய்விடுகின்றன. 8 கிலோ குழந்தையின் உடம்பிலிருந்து 400 மில்லி வெளியேறினாலே வறட்சி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பெரிய டம்ளரில் ரெண்டு டம்ளர், அவ்வளவுதான். 800 மில்லி போனால் உயிருக்கே ஆபத்து.

உச்சிக்குழி தவிர இன்னும் சிலதைப் பாருங்கள். அழும்போது கண்ணீர் வருகிறதா, கண் உள்ளே போயிருக்கிறதா, நாக்கு உலர்ந்து ஒட்டுகிறதா? உங்கள் சுத்தமான விரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தால் எச்சில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். தொப்புளுக்கும் இடுப்பு ஓரத்துக்கும் நடுவில் வயிற்றுத் தோலை ரெண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி விடுங்கள். பட்டென்று சமமாக வேண்டும், மடிப்பு மெதுவாகக் கலைந்தால் வறட்சி, ரெண்டு வினாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் மோசமான வறட்சி, கிளம்பிவிடுங்கள். ரொம்ப கொழுகொழு குழந்தைக்கும் ரொம்ப மெலிந்த குழந்தைக்கும் இந்தச் சோதனை ஏமாற்றும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் கேட்கிற முதல் கேள்வி, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள்? இதற்குப் பதில் சொல்ல முடியாமல் முழிக்கிற பெற்றோர்தான் அதிகம், அவர்கள் மேல் தப்பில்லை. டயப்பரில் பேதியும் மூத்திரமும் ஒன்றாகக் கலந்து ஊறிவிடுகிறது, கனமாக இருப்பதைப் பார்த்து ‘நன்றாகத்தான் போகிறாள்’ என்று நினைத்துவிடுகிறோம். வயிற்றால் போகும் நாட்களில் டயப்பரைக் கழற்றிவிட்டுப் பழைய பருத்தித் துணியைக் கட்டுங்கள், துவைக்கிற வேலை கூடும், ஆனால் உண்மை தெரியும். வெளியே கிளம்ப டயப்பர் போட்டே ஆகவேண்டும் என்றால் முன்பக்கம் ஒரு கைப்பிடிப் பஞ்சை வைத்துப் போடுங்கள், ஒன்றுக்குப் போனால் அந்தப் பஞ்சு தனியாக நனைந்திருக்கும். 6 மணி நேரத்துக்கு மேல் மூத்திரமே இல்லை என்றாலோ, போனது கொஞ்சமாக அடர்மஞ்சளாக இருந்தாலோ தண்ணீர் போதவில்லை.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் உடனே வாந்தி எடுத்துவிடுகிறாள். கொடுத்து என்ன பிரயோஜனம்? மெடிக்கல் ஷாப்பில் ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையில் டப்பாவில் ரெடிமேடாக இருக்கிறதே, அதைக் குழந்தை விரும்பிக் குடிக்கிறாள், அதையே கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வாந்தி எடுப்பது பெரும்பாலும் அந்தக் கரைசலால் இல்லை, கொடுக்கிற வேகத்தால். தாகத்தில் குழந்தை புட்டியைப் பிடித்து மடமடவென்று 60 மில்லி இழுக்கும், அடுத்த நிமிடம் 60 மில்லியும் உங்கள் தோளில் இருக்கும். வாந்தி எடுத்ததும் 10 நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் மடியில் கொஞ்சம் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனிலோ பாலாடையிலோ 5 மில்லி, ரெண்டு நிமிடம் கழித்து இன்னொரு 5 மில்லி. இது பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ரெண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்றால் மணிக்கு 150 மில்லி உள்ளே போய்விடுகிறது. கொஞ்சம் வெளியே வந்தாலும் மீதி தங்கியிருக்கும். ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும் 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 50-லிருந்து 100 மில்லி வரை இப்படிக் கொடுக்க வேண்டும். நடுநடுவே தாய்ப்பால் எப்போதும் போல.

கலக்குகிற விதத்தில் நடக்கும் தப்பு இதைவிடக் கவலைக்குரியது. நான் பயிற்சி முடித்துச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா 9 மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், குழந்தை கட்டுக்கடங்காமல் எரிச்சலாக அழுதது, வாயெல்லாம் உலர்ந்து, தண்ணீர் தண்ணீர் என்று எதைப் பார்த்தாலும் தாவியது. ‘ரெண்டு நாளாக ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருந்தது. ஒரு லிட்டரில் கரைக்க வேண்டிய பாக்கெட் முழுவதையும் 200 மில்லி பால் புட்டியில் கொட்டிக் குலுக்கியிருந்தார், ஐந்து மடங்கு உப்பு. குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் ரத்தத்தில் ஏறியிருந்த உப்பை மெதுவாக இறக்க மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவந்தது. அந்த அம்மா செய்தது அறியாமை என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கு யாரும் கலக்கிக் காட்டவில்லை, பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் யாருக்கு எழுதிக்கொடுத்தாலும் எந்தப் பாத்திரத்தில் கலக்குவீர்கள் என்று கேட்காமல் அனுப்புவதில்லை.

ஆகவே பாக்கெட்டின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். 20, 21 கிராம் இருக்கும் பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரே தடவையில் முழுப் பாக்கெட்டையும் போட வேண்டும். 4 கிராம் சொச்சம் இருக்கும் சின்னது 200 மில்லிக்கு. கொதித்து ஆறிய தண்ணீர், அளவு தெரிந்த பாட்டில். பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைப்பது, சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் போடுவது, சர்க்கரையோ பாலோ பழச்சாறோ சேர்ப்பது எதுவும் கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

வாசனை போட்ட டப்பா பானம் வேண்டாம். அவற்றில் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு, அந்தச் சர்க்கரையே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் இல்லாத பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. குளுக்கோஸ் தண்ணீர், பாட்டில் ஜூஸ், சோடாவும் அதே ரகம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, உப்புக் கரைசலின் இடத்தை அது நிரப்பாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கிறது, கூடவே துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்: 6 மாதத்துக்கு மேல் என்றால் தினம் 20 மில்லிகிராம், 2-லிருந்து 6 மாதம் வரை 10 மில்லிகிராம், ஸ்பூனில் தாய்ப்பாலிலோ ஆறிய தண்ணீரிலோ கரைத்து 14 நாள். நாலாம் நாளே பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுங்கள், அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதையும் அது குறைக்கிறது.

இவ்வளவு சாதாரணமான உப்புத்தூள் என்ன செய்துவிடும் என்று தோன்றினால் இதைக் கேளுங்கள். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த போங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மகலானபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் டிரம்களில் கரைத்துவைத்து, நோயாளிகளின் வீட்டாரையே மொண்டு கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அன்று மொண்டு கொடுத்தவர்கள் நர்ஸ்கள் இல்லை, அம்மாக்களும் அக்காக்களும்தான்.

கேள்வி: மருந்துக் கடையில் ‘லூஸ் மோஷன்’ என்று சொன்னால் பேதியை நிறுத்த ஒரு மருந்தும் ஆன்டிபயாடிக் சிரப்பும் கொடுக்கிறார்கள். கொடுக்கலாமா? பாலை நிறுத்த வேண்டுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ரெண்டும் வேண்டாம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, பேதியைக் கூட்டவும் செய்யலாம். குடலின் அசைவைக் கட்டிப்போடும் மருந்துகள் கைக்குழந்தைக்கு ஆபத்து, வயிறு உப்பிப்போகும், மயக்கம் வரும். வாந்திக்கு மருந்து தேவையா என்பதைக் குழந்தையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். பாலை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலை முன்பைவிட அடிக்கடி கொடுங்கள். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு அதே அளவில்தான் கரைக்க வேண்டும், நீர்க்கக் கரைக்காதீர்கள். திட உணவு ஆரம்பித்துவிட்ட குழந்தைக்கு வாந்தி குறைந்ததும் குழைந்த தயிர்சாதம், இட்லி, மசித்த வாழைப்பழம், பருப்புச் சாதம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. பட்டினி போட்டால் குடல் ஆறுவதுதான் தள்ளிப்போகும்.

கேள்வி: ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை வாந்தி எடுத்தால் விடியும்வரை பொறுக்கலாமா, உடனே ஓட வேண்டுமா? இதை எப்படி முடிவு செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான். வாந்திக்கு நடுவில் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது, ஸ்பூனில் கொடுப்பதை விழுங்குகிறது, ஒன்றுக்குப் போகிறது என்றால் விடியும்வரை ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கலாம். எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது, மார்பில் வைத்தாலும் சப்ப மாட்டேன் என்கிறது, கொடுத்ததெல்லாம் மணிக்கணக்காக வெளியே வருகிறது, கைகால் சில்லிட்டுப்போகிறது, வலிப்பு வந்தது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், வழியிலும் ஸ்பூனில் விழுங்க முடிகிற குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஸ்டமக் ஃப்ளூ மாதிரியே வேஷம் போட்டு வருகிற சிலதும் உண்டு, இதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். வாந்தி இலைப்பச்சை நிறத்தில் வந்தால் அது குடலில் அடைப்பாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுகிறது, சில நிமிடத்தில் அடங்கி வெளுத்துச் சோர்கிறது, பதினைந்து இருபது நிமிடத்தில் மறுபடி அதே மாதிரி அழுகிறது, மலத்தில் சளியோடு ரத்தம் ஜெல்லி போல வருகிறது என்றால் குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருக்கலாம். 3 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் அதிகம் வருவது இது, சீக்கிரம் போனால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே சரிசெய்துவிடலாம். காய்ச்சலும் வாந்தியும் இருந்து ஒரு நாள் ஆகியும் பேதியே வரவில்லை என்றால் ஸ்டமக் ஃப்ளூ என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. மூத்திரத் தொற்று, காதுத் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல்கூட அப்படி ஆரம்பிக்கும்.

கேள்வி: பெரியவனுக்கு 4 வயது, ஸ்கூலிலிருந்து இதைக் கொண்டுவந்துவிட்டான். சின்னவளுக்கு 11 வாரம். அவளுக்குத் தொற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? ஊரில் இருந்து வந்ததில் 6 வாரத் தடுப்பூசியும் சொட்டு மருந்தும் விட்டுப்போய்விட்டது.
– வாசகி, மதுரை

பதில்: அவன் கக்கூஸ் போய்விட்டு வந்த பிறகும், நீங்கள் அவனைக் கழுவிவிட்ட பிறகும், சின்னவளைத் தூக்குவதற்கு முன்னாலும் சோப்புப் போட்டு நுரை வரத் தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசரை நம்பாதீர்கள், நோரோ போன்ற வைரஸுக்கு அது சரியாகக் கேட்காது. அவன் தொட்ட பொம்மையைச் சின்னவள் பக்கத்தில் போடாதீர்கள், காய்ந்த பொருளின்மேலும் இந்த வைரஸ் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். பேதி நின்ற பிறகும் ஒரு வாரத்துக்கு இதையெல்லாம் தொடருங்கள்.

விட்டுப்போன சொட்டு மருந்துக்கு வருவோம். ரோட்டா தடுப்பு மருந்து வாய்வழியாக 6, 10, 14 வாரங்களில் கொடுக்கப்படுகிறது, தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு மையங்களில் இலவசம். டெல்லியில் பிறந்த குழந்தை ஒன்றிடமிருந்து எடுத்த வைரஸிலிருந்து நம் நாட்டிலேயே உருவாக்கிய மருந்தும் இதில் உண்டு. அதை டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தபோது, கடுமையான ரோட்டா பேதி முதல் வருடத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. போட்டுக்கொண்ட குழந்தைக்கும் லேசாக வரலாம், ஆனால் குளுக்கோஸ் ஏற்றும் நிலைக்குப் போவது குறையும். முதல் தவணையை 1 வயதுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், உங்கள் மகளுக்கு நேரம் நிறையவே இருக்கிறது. லேசான சளி இருந்தாலும் கொடுக்கலாம். பேதியே இருந்தால் மட்டும் செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு இந்தப் புதன்கிழமையே சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், 6 வாரத்தில் விட்டுப்போன மற்ற ஊசிகளையும் அன்றைக்கே சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.